நவம்பர் 9: ஜெர்மனியின் வரலாற்றில் ஒரே தேதியில் இத்தனை நிகழ்வுகள் சேர்ந்தது எப்படி?

வைகறை

நவீன ஜெர்மனியின் வரலாற்றைப் படிக்கும் எவரும் நவம்பர் 9 என்ற தேதியைப் பலமுறை சந்திப்பார்கள். 1848இல் அதே நாளில்தான் மக்களாட்சிக்காகப் போராடிய ராபர்ட் புளூம் வியன்னா அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். 1918இல் முடியாட்சி வீழ்ந்து குடியரசு அறிவிக்கப்பட்டது. 1923இல் மியூனிக் நகரில் ஹிட்லரின் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. 1938இல் யூதர்களின் வழிபாட்டிடங்கள் நாடெங்கும் எரிக்கப்பட்டன. 1989இல் பெர்லின் சுவர் திறந்தது. ஜெர்மானியர்கள் இதை விதியின் நாள் என்றே சொல்கிறார்கள்.

விதி என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை என்றாகிவிடுகிறது. நான் படித்த வரையில், இவற்றுள் 1918, 1923, 1938 ஆகிய மூன்றும் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தவை. முதலாவதன் மீதான வெறுப்பு இரண்டாவதைப் பிறப்பித்தது, இரண்டாவதன் நினைவு விழாவே மூன்றாவதற்கு மேடையாயிற்று. மற்ற இரண்டும் தற்செயலாக அத்தேதியில் அமைந்தவை. இந்தப் பிரிவினை சரிதானா என்று இங்குள்ளவர்களோடு விவாதிக்க விரும்புகிறேன்.

எண்கோலம்

வைகறை அவர்களே, ஆண்டுக்கு இருப்பதே 365 நாட்கள். ஒரு நாட்டின் இருநூறு ஆண்டு வரலாற்றில் குறிப்பிடத்தக்க நிகழ்வுகள் பல்லாயிரம் இருக்கும்போது, எந்தத் தேதியைத் தொட்டாலும் நான்கைந்து பெரிய நிகழ்வுகள் கிடைக்கத்தான் செய்யும். அதன்பிறகு பொருந்துவனவற்றை மட்டும் பொறுக்கி அடுக்கினால் அங்கே ஏதோ ஒழுங்கு இருப்பதுபோலத் தோன்றும். ராபர்ட் புளூமின் பெயரை 1989க்கு முன் இந்தப் பட்டியலில் எத்தனை பேர் சேர்த்திருப்பார்கள்? பட்டியல் புகழ்பெற்ற பின்னரே அவரை அதில் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள் என்பது என் கருத்து. தேதி ஒற்றுமை என்பது தொடர்புக்குச் சான்றாகாது. தொடர்பு உண்டென்றால் அதைத் தனியே நிறுவ வேண்டும்.

வைகறை

தனியே நிறுவ வேண்டும் என்பதுதான் என் கருத்தும், எண்கோலம் அவர்களே. ஆகவே 1918இலிருந்து தொடங்குகிறேன்.

முதல் உலகப் போர் தோல்வியில் முடிவது உறுதியான பின், நவம்பர் முதல் வாரத்தில் கீல் துறைமுகத்தில் கடற்படை மாலுமிகள் கிளர்ந்தெழுந்தார்கள். அக்கிளர்ச்சி சில நாட்களிலேயே நகரம் நகரமாகப் பரவி 9ஆம் தேதி, சனிக்கிழமை, பெர்லினை எட்டியது. பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் அப்போது பெல்ஜியத்தின் ஸ்பா நகரில் இராணுவத் தலைமையகத்தில் இருந்தார். அவருடைய ஒப்புதல் வந்துசேரும்வரை காத்திருக்க இயலாத நிலையில், தலைமை அமைச்சரான இளவரசர் மாக்ஸ் நண்பகலில் பேரரசர் முடி துறந்துவிட்டார் என்று தாமே அறிவித்து, பொறுப்பைச் சமூக ஜனநாயகக் கட்சியின் ஃபிரீட்ரிக் ஏபர்ட்டிடம் ஒப்படைத்தார். பிற்பகல் சுமார் இரண்டு மணிக்கு அதே கட்சியின் பிலிப் ஷைடமான் நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து கூட்டத்தினரிடம் குடியரசை அறிவித்தார். அதற்குச் சற்று முன்தான் உணவுக்கூடத்தில் சூப் அருந்திக்கொண்டிருந்ததாகவும், அறிவித்துவிட்டு வந்தபோது ஏபர்ட் கடுஞ்சினம் கொண்டு, அதை அறிவிக்க உனக்கு உரிமையில்லை என்று கத்தியதாகவும் அவர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். இரண்டு மணி நேரம் கழித்து, அரண்மனையிலிருந்து தீவிர இடதுசாரித் தலைவர் கார்ல் லீப்க்னெக்ட் சுதந்திர சோசலிசக் குடியரசு ஒன்றை அறிவித்தார். ஒரே பிற்பகலில் ஒரே நகரில் இரண்டு குடியரசுகள்!

இரண்டு நாள் கழித்து, நவம்பர் 11 அன்று, போர் நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இந்த நெருக்கமே பின்னர் நஞ்சாக மாறியது. போர்முனையில் தோற்காத இராணுவத்தை உள்நாட்டுப் புரட்சிக்காரர்கள் முதுகில் குத்திவிட்டார்கள் என்ற பொய்யைப் படைத்தலைவர்களும் வலதுசாரிகளும் பரப்பினார்கள். புரட்சி நடந்த மாதத்தின் பெயராலேயே குடியரசின் தலைவர்களை 'நவம்பர் குற்றவாளிகள்' என்று ஏசினார்கள். ஹிட்லரின் தொடக்ககால மேடைப் பேச்சுகளில் இந்த வசை திரும்பத் திரும்ப வரும்.

1923 நவம்பரில் நாணயம் மதிப்பிழந்து, ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்ற நிலைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஹிட்லர் முதலில் 11ஆம் தேதியைத்தான் குறித்து வைத்திருந்தார். ஆனால் பவேரிய மாநிலத்தின் அதிகாரம் முழுவதையும் கையில் வைத்திருந்த குஸ்டாவ் ஃபான் கார், புரட்சியின் ஐந்தாம் ஆண்டு நிறைவை ஒட்டி 8ஆம் தேதி மாலை பியூர்கர்பிராய் என்ற பெரிய பீர் அரங்கில் பேசப்போகிறார் என்று தெரிந்ததும் திட்டம் முன்னுக்கு வந்தது. ஹிட்லர் ஆட்களோடு உள்ளே நுழைந்து கூரையை நோக்கிச் சுட்டு ஆட்சி மாற்றத்தை அறிவித்தார். மறுநாள் நண்பகலில் சுமார் இரண்டாயிரம் பேருடன் ஊர்வலமாகச் சென்றார். ஃபெல்ட்ஹெர்ன்ஹாலே என்ற நினைவு மண்டபத்தின் அருகே காவலர்கள் மறித்தார்கள். நான்கு காவலர்களும், ஹிட்லர் தரப்பினர் தியாகிகள் என்று பின்னர் கணக்கிட்ட 16 பேரும் இறந்தார்கள். ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்ற ஹிட்லர் தீர்ப்புக்குப் பின் ஓராண்டுகூட முழுமையாகச் சிறையில் இருக்கவில்லை.

ஆக, 1923இன் தேதி முழுக்க முழுக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று நான் சொல்லவில்லை. 1918இன் நினைவு நாளே அந்த அரங்கில் அத்தனை பேரைக் கூட்டியது. அந்தக் கூட்டமே ஹிட்லரை அன்றைய மாலைக்கு இழுத்தது.

செங்காந்தள்

நான் பள்ளியில் வரலாறு கற்பிப்பவள். வைகறை சார் விட்ட இடத்திலிருந்து 1938ஐ எழுதுகிறேன்; ஏனென்றால் மாணவர்கள் பெரும்பாலும் ஓர் இளைஞன் சுட்டான், அதனால் கலவரம் வெடித்தது என்று மட்டுமே எழுதிவிட்டு நின்றுவிடுகிறார்கள்.

அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில் போலந்துக் குடியுரிமை கொண்ட சுமார் 17,000 யூதர்களை ஜெர்மன் அரசு எல்லைக்கு விரட்டியது. ஹனோவர் நகரிலிருந்து அப்படி விரட்டப்பட்ட ஒரு குடும்பத்தின் மகன், பாரிஸில் இருந்த 17 வயது ஹெர்ஷல் கிரின்ஸ்பான், நவம்பர் 7 அன்று ஜெர்மன் தூதரக அதிகாரி எர்ன்ஸ்ட் ஃபோம் ராத்தைச் சுட்டான். அவர் 9ஆம் தேதி மாலை உயிர் துறந்தார்.

இனிக் கவனிக்க வேண்டியது, அந்தச் செய்தி வந்து சேர்ந்த இடம். 1933 முதல் ஆண்டுதோறும் நவம்பர் 8ஆம் தேதி இரவு ஹிட்லர் அதே பீர் அரங்கில் பேசுவார். மறுநாள் 1923இன் ஊர்வலம் மீண்டும் நடத்தப்படும். 1923இல் இறந்த அந்த 16 பேரின் உடல்களையும் 1935இல் தோண்டியெடுத்து, மியூனிக்கின் கோனிக்ஸ்பிளாட்ஸ் சதுக்கத்தில் கட்டிய இரண்டு மண்டபங்களில் வைத்தார்கள். இந்த விழாவுக்காக நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் கட்சியின் மூத்த தலைவர்கள் மியூனிக்கில் கூடுவார்கள். 1938 நவம்பர் 9 இரவு அவர்கள் பழைய நகர மண்டபத்தில் விருந்தில் இருந்தார்கள். ஹிட்லர் தம் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸோடு தாழ்ந்த குரலில் பேசிவிட்டு வெளியேறினார். பின்னர் கோயபல்ஸ் எழுந்து பேசினார். கட்சி வெளிப்படையாக ஏற்பாடு செய்ததாகத் தெரியக்கூடாது, ஆனால் மக்கள் எழுந்தால் தடுக்கவும் கூடாது என்பதே அப்பேச்சின் சாரம். அங்கிருந்தவர்கள் அத்தனை பேரும் தொலைபேசியை நோக்கி ஓடித் தத்தம் ஊர்களுக்கு ஆணையிட்டார்கள்.

வேறொரு தேதியில் ஃபோம் ராத் இறந்திருந்தால் வன்முறை நடந்தே இருக்காது என்று நான் சொல்லமாட்டேன். 7, 8 தேதிகளிலேயே ஹெஸ்ஸன் பகுதியில் தாக்குதல்கள் தொடங்கிவிட்டன. ஆனால் அத்தனை மாவட்டத் தலைவர்களும் ஒரே கூடத்தில், தியாகிகள் விழாவின் வெறியோடு அமர்ந்திருந்ததால்தான் ஒரே இரவில் நாடு முழுவதும் அது பரவ முடிந்தது.

நள்ளிரவு கடந்து 1.20 மணிக்குப் பாதுகாப்புக் காவல்துறைத் தலைவர் ஹைட்ரிக் அனுப்பிய தந்தியை நான் வகுப்பில் வரிவரியாக விளக்குவது உண்டு. பக்கத்துக் கட்டடங்களுக்கு ஆபத்து இல்லாத இடங்களில் மட்டுமே வழிபாட்டிடங்களை எரிக்கலாம், ஆவணங்களைக் கைப்பற்ற வேண்டும், வசதியுள்ள யூத ஆண்களைச் சிறைகளில் இடமிருக்கும் அளவுக்குக் கைது செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. தீயணைப்பு வண்டிகள் வந்து நின்றன. ஆனால் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு மட்டுமே நீர் பாய்ச்சின. 1,400க்கும் மேற்பட்ட வழிபாட்டிடங்கள் அழிந்தன, ஏறத்தாழ 7,500 கடைகள் நொறுக்கப்பட்டன, சுமார் 30,000 ஆண்கள் டாகாவ், பூகன்வால்ட், சாக்ஸன்ஹவுசன் வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அதிகாரபூர்வக் கணக்கில் இறந்தவர்கள் 91 பேர். உண்மை எண்ணிக்கை அதைவிட மிக அதிகம். பிறகு யூதர்கள் மீதே நூறு கோடி மார்க் தண்டம் விதித்தார்கள்.

பெர்லினின் ஓரானியன்பூர்கர் தெருவில் இருந்த பெரிய வழிபாட்டிடம் அன்றிரவு தப்பியது. அது பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற பழைய அரசாணையைக் காட்டி அப்பகுதிக் காவலர்கள் கும்பலை விலக்கினார்கள். தீயணைப்புப் படையினரும் வந்து அணைத்தார்கள். சட்டப்படி நடக்க ஒரு காவல் நிலையம் முடிவெடுத்தால் என்ன செய்ய முடிந்திருக்கும் என்பதற்கு அது சான்று. அதனால்தான் மற்ற ஊர்களை நினைக்கும்போது எனக்கு ஆறவே ஆறாது.

ஏட்டுச்சுவடி

செங்காந்தள் அம்மா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஆண்டு விழா என்பது முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. ஹிட்லர் எந்த நாளில், எந்த அரங்கில், எந்த மேடையில், எந்நேரம் நிற்பார் என்பதை ஓராண்டுக்கு முன்பே சொல்லிவிடலாம். இதைப் பயன்படுத்தி ஹிட்லரைக் குண்டு வைத்துக் கொல்ல முயன்றவர் கேயோர்க் எல்சர் என்ற தச்சர்.

அவர் 1938 நவம்பர் 8 அன்றே மியூனிக் சென்று அரங்கை நோட்டமிட்டார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் முதல், இரவு உணவுக்கு அங்கு சென்று, கடை மூடும் நேரத்தில் ஒளிந்துகொண்டு, பேச்சு மேடைக்குப் பின்னிருந்த தூணை முழங்காலிட்டபடியே இரவிரவாகக் குடைந்தார். கைவிளக்கைத் துணியால் மூடிக்கொள்வார். குடைந்தெடுத்த சுண்ணாம்பையும் கல்லையும் காலையில் பெட்டியில் வைத்து வெளியே கொண்டுபோவார். முழங்கால்கள் புண்ணாகிச் சீழ் வைத்தன. கடிகாரப் பொறியை ஆறு நாட்களுக்கு முன்பே முடுக்கிவைக்கக்கூடிய வகையில் தாமே செய்தார்.

1939 நவம்பர் 8 அன்று மூடுபனி காரணமாக விமானம் பறக்க முடியாது என்றாகி, இரயிலைப் பிடிப்பதற்காக ஹிட்லர் பேச்சை முன்கூட்டியே தொடங்கி 9.07க்கு வெளியேறிவிட்டார். குண்டு 9.20க்கு வெடித்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் அங்கு பணிசெய்த ஒரு பெண்ணும் உண்டு என்பதை எல்சரைப் போற்றுபவர்களும் மறக்கக்கூடாது. எல்சர் சுவிஸ் எல்லையில் பிடிபட்டு, போர் முடிவதற்குச் சில வாரங்களே இருந்தபோது, 1945 ஏப்ரல் 9 அன்று டாகாவ் முகாமில் கொல்லப்பட்டார். நீண்ட காலம் அவருக்கு எந்த மரியாதையும் கிடைக்கவில்லை. அந்த அரங்கு 1979இல் இடிக்கப்பட்டது. தூண் நின்ற இடத்தில் இப்போது தரையில் அவர் நினைவாக ஒரு பலகை பதிக்கப்பட்டிருக்கிறது.

எண்கோலம்

மூவருக்கும் நன்றி. 1923க்கும் 1938க்கும் இடையில் உள்ள இணைப்பு விழாவே என்பது தெளிவு. அதில் எனக்கு மறுப்பில்லை. அப்படியானால் பொதுவான ஒரு விதி கிடைக்கிறது. தேதிகள் தாமாக ஒன்றுசேர்வது குறைவு, மனிதர்கள் அவற்றை ஒன்றுசேர்ப்பதே அதிகம். நம் நாட்டிலும் 1930 ஜனவரி 26இல் பூரண சுயராஜ்ய நாள் கொண்டாடப்பட்டதன் நினைவாகவே, 1949 நவம்பர் 26இல் ஏற்கப்பட்ட அரசியலமைப்பு இரண்டு மாதம் கழித்து 1950 ஜனவரி 26இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஆகஸ்ட் 15ஐ மவுண்ட்பேட்டன் தேர்ந்ததும் ஜப்பான் சரணடைந்த நாள் என்பதால்தான்.

எனினும் 1989ஐ இந்த விதிக்குள் கொண்டுவர முடியாது என்று நினைக்கிறேன். அதோடு ஒரு கேள்வி: சுவர் திறந்த நாள் இத்தனை மகிழ்ச்சியானது என்றால், தேசிய நாளாக அக்டோபர் 3ஐ ஏன் வைத்துக்கொண்டார்கள்?

நெய்தல்

நான் பல ஆண்டுகளாக ஜெர்மனியில் வசிக்கிறேன். எண்கோலம் அண்ணா கேட்ட இரண்டுக்கும் பதில் எழுத முயல்கிறேன்.

1989 முழுக்கத் தற்செயல்தான். அந்த வியாழக்கிழமை மாலை கிழக்கு ஜெர்மன் கட்சியின் பேச்சாளர் குந்தர் ஷபோவ்ஸ்கியின் கையில் புதிய பயண விதிகள் அடங்கிய தாள் இருந்தது. விண்ணப்பித்து அனுமதி பெற்று வெளியே செல்லலாம் என்பதே அவ்விதி. மறுநாள் அதிகாலை நான்கு மணிவரை அதை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. அது முடிவான கூட்டத்தில் ஷபோவ்ஸ்கி இல்லை. ஏழு மணிக்குச் சற்று முன், இது எப்போது நடைமுறைக்கு வரும் என்று செய்தியாளர்கள் கேட்டபோது, தாளைப் புரட்டிவிட்டு, தமக்குத் தெரிந்தவரை உடனடியாக, தாமதமின்றி என்று சொல்லிவிட்டார். அது நேரலையில் ஒளிபரப்பானது. மேற்கு ஜெர்மன் தொலைக்காட்சி எல்லை திறக்கிறது என்று செய்தி வாசித்தது. கிழக்கில் இருந்தவர்களும் அதைப் பார்த்துவிட்டே கிளம்பினார்கள்.

பெர்லினின் போர்ன்ஹோல்மர் தெரு எல்லைச் சாவடியில் பொறுப்பிலிருந்த ஹரால்ட் யேகர் மேலிடத்தைத் திரும்பத் திரும்ப அழைத்துப் பார்த்தார். தெளிவான ஆணை கிடைக்கவில்லை. முதலில், அதிகம் கூச்சலிடுபவர்களை மட்டும் வெளியே விட்டு, அவர்கள் திரும்ப முடியாதபடி அடையாள அட்டையில் உள்ள படத்தின் மீதே முத்திரை குத்தச் சொன்னார்கள். கூட்டம் குறையவில்லை. சுமார் 11.30 மணிக்கு யேகர் தம் பொறுப்பிலேயே தடுப்பைத் திறந்துவிட்டார். அக்டோபர் 9 அன்று கிழக்கு ஜெர்மன் நகரான லைப்சிக்கில் ஆட்சியை எதிர்த்து எழுபதாயிரம் பேர் ஊர்வலம் போயிருக்காவிட்டால் அந்த விதிமாற்றத்துக்கே தேவை வந்திருக்காது. ஆகவே சுவர் விழுந்ததற்குக் காரணம் மக்கள். அது 9ஆம் தேதி விழுந்ததற்குக் காரணம் ஒரு தாளைச் சரியாகப் படிக்காமை.

அக்டோபர் 3க்கு இரண்டு காரணங்கள் உண்டு. அது கிழக்கும் மேற்கும் ஒரே நாடாக இணைந்த நாள். அந்த இணைப்பு எப்போது என்பதைக் கிழக்கின் மக்கள் பேரவை 1990 ஆகஸ்ட் 23 அதிகாலையில் வாக்கெடுத்து முடிவுசெய்தது. ஆதரவு 294, எதிர்ப்பு 62. ஐரோப்பிய நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் நியூயார்க்கில் கூடும் கூட்டம் முடியும் முன் இணைய வழியில்லை; அக்டோபர் 3 அதற்கு மறுநாள். அக்டோபர் 7 வந்தால் கிழக்கு ஜெர்மனி இன்னொரு ஆண்டு விழாவைக் காணும் என்பதால், அதற்குப் பின் தள்ளவும் மனமில்லை. நவம்பர் 9 பேசப்பட்டதுண்டு. ஆனால் 1938இன் நாளில் பட்டாசு வெடிப்பது எப்படி என்ற கேள்விக்கு யாரிடமும் விடை இல்லை.

இங்கு அந்த நாள் எப்படிக் கழிகிறது என்பதையும் சொல்கிறேன். கொல்லப்பட்டவர்கள் கடைசியாக வாழ்ந்த வீடுகளின் வாசலில், நடைபாதையில், பத்து சென்டிமீட்டர் அளவுள்ள பித்தளைக் கற்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுசெல்லப்பட்ட நாள், கொல்லப்பட்ட இடம் ஆகியவை அவற்றில் இருக்கும். நவம்பர் 9 அன்று அக்கம்பக்கத்தினர் குந்தி அமர்ந்து, துணியும் பாலிஷும் கொண்டு அவற்றைத் தேய்த்துவிட்டு மெழுகுவத்தி வைப்பார்கள். என் தெருவிலும் இது நடக்கும். அதே நாளில் பெர்லினின் பெர்னவுவர் தெருவில், எஞ்சியிருக்கும் சுவரின் இடுக்குகளில் ரோஜாக்களைச் செருகுவார்கள். இரண்டுக்கும் ஒரே ஆள் போவதும் உண்டு. அதில் முரண் இருப்பதாக இங்கு யாரும் நினைப்பதில்லை.

செங்காந்தள்

நெய்தல் தங்கை எழுதியதைப் படித்தபின் ஒரு வருத்தம் மிஞ்சுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே 1918 காணாமல் போகிறது. ஜெர்மனியின் முதல் குடியரசு பிறந்த நாள் அது; பெண்களுக்கு வாக்குரிமை அறிவிக்கப்பட்டது அதற்கு மூன்றே நாள் கழித்து. ஆனாலும் அந்தக் குடியரசேகூட நவம்பர் 9ஐக் கொண்டாடத் துணியவில்லை. அரசியலமைப்பில் ஏபர்ட் கையெழுத்திட்ட ஆகஸ்ட் 11ஐத்தான் விழா நாளாக்க முயன்றார்கள். தன் பிறந்தநாளைச் சொந்தம் கொண்டாடாத குடியரசு, அந்த நாளை எதிரிகளின் கையில் விட்டுவிட்டது; 1933க்குப் பின் அவர்கள் அதைத் தங்கள் தியாகிகளின் நாளாக்கிக்கொண்டார்கள்.

வைகறை

அம்மா சொல்லும் குறையை அண்மைக் காலத்தில் ஓரளவு களைய முயன்றிருக்கிறார்கள். 2021 நவம்பர் 9 அன்று குடியரசுத் தலைவர் ஷ்டைன்மையர், பெர்லினின் பெல்வியூ மாளிகையில் 1918, 1938, 1989 ஆகிய மூன்றையும் ஒரே நிகழ்வில் நினைவுகூர்ந்தார். ஒரே மேடையில் மூன்றையும் வைத்தால் 1938இன் கொடுமை நீர்த்துப்போகும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். எனக்கு அந்த அச்சம் இல்லை. 1918ஐ விலக்கிவிட்டு 1938ஐச் சொன்னால்தான் அந்த வெறுப்பு எங்கிருந்து வளர்ந்தது என்பது தெரியாமல் போகும்.

எண்கோலம் அவர்கள் தொடக்கத்தில் புளூமைப் பற்றி எழுப்பிய ஐயத்துக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஜெர்மன் நாடுகள் அனைத்துக்குமாக 1848இல் கூடிய ஃபிராங்க்பர்ட் நாடாளுமன்றத்தின் உறுப்பினராக அவருக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்தும், வியன்னாவின் எழுச்சியில் பங்கேற்றார் என்பதற்காக இராணுவ நீதிமன்றம் அவரைக் கொன்றது. அவர் இறந்து ஏழு வாரங்களுக்குள் அதே நாடாளுமன்றம் நிறைவேற்றிய அடிப்படை உரிமைகள் பின்னர் 1919, 1949 அரசியலமைப்புகளுக்கு முன்மாதிரியாயின. அவருடைய மரணத்துக்கும் மற்ற நான்குக்கும் தேதியளவில் எந்தக் காரணத் தொடர்பும் இல்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் 2020இல் அதே பெல்வியூ மாளிகையில் ஓர் அறைக்கு ராபர்ட் புளூம் பெயர் சூட்டப்பட்டது. அதைச் சூட்டிய நாளும் நவம்பர் 9தான். அந்தத் தேதியை அவர்கள் தெரிந்தே தேர்ந்தெடுத்தார்கள்.